தப்பியவர்களின் கணக்கு

திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடலுக்குள் நுழையும் சாலையில் ஒரு திருப்பம் இருக்கிறது. ஒரு பக்கம் தெருக்கள், எதிர்ப்பக்கம் பீடிக் கடை. காலை ஒன்பதரை மணி வாக்கில், முந்தின நாள் சுற்றிய பீடியை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு பெண்கள் மூன்று நான்கு பேராக வருவார்கள். பீடியைக் கொடுத்து, கணக்கு எழுதி, இலையும் தூளும் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். பிந்தினால் அன்றைய ஆயிரம் பீடி முடியாது. அதே நேரத்தில்தான் நெல்லையிலிருந்து பஸ் வரும். கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் வரும். பாப்பாக்குடிப் பக்கமிருந்து வேலைக்குப் போகும் பையன்கள் பைக்கில் வருவார்கள். பள்ளிக்கூடத்துக்கு நேரமான சைக்கிள்களும் உண்டு. எல்லாம் அந்தத் திருப்பத்தில் வந்து சேரும்.

அங்கே இதுவரை யாரும் சாகவில்லை. அதனால் அந்த இடம் எந்தப் பட்டியலிலும் இல்லை. இதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் 31 வருடம் சாலை ஆய்வாளராக இருந்தவன். எங்கள் வேலைகளில் ஒன்று வாகனக் கணக்கெடுப்பு. வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் தொடர்ந்து ஏழு நாள், இரவும் பகலும் சாலையோரம் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளை எண்ண வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ராத்திரிக்கு அரிக்கேன் விளக்குதான். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்போம். பிறகு எல்லாவற்றையும் கார் கணக்குக்கு மாற்றுவோம். காருக்கு ஒன்று, பைக்குக்கு அரை, பஸ்ஸுக்கும் லாரிக்கும் மூன்று, மாட்டு வண்டிக்கு எட்டு. மெதுவாகப் போய் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதால் மாட்டு வண்டிக்கு அத்தனை மதிப்பு. சைக்கிளுக்கும் கட்டம் உண்டு, கைவண்டிக்கும் மதிப்பு உண்டு. என் கையில் இருந்த படிவத்தில் நடந்து போகிறவருக்கு மட்டும் கட்டமே இல்லை. கூடையோடு கடந்து போன எத்தனையோ பெண்களை என் கண் பார்த்தது, என் பேனா எழுதவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால், அந்தத் திருப்பத்தில் வேகத்தைக் குறைக்க ஏதாவது செய்யுங்கள் என்று ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அங்க விபத்தே பதிவாகலியே சார்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. பைக் இடித்து விழுந்தவர்கள் உண்டு. முழங்கை எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டவர்கள் உண்டு. இரண்டு தரப்பும் தெரிந்தவர்கள் என்பதால் ஊரிலேயே பேசித் தீர்த்துவிடுவார்கள். போலீஸ் வரை போகாதது பதிவேட்டில் எப்படி வரும்?

தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடத்தை விபத்துக் கரும்புள்ளி என்று சொல்ல மத்திய அமைச்சகம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள், மூன்று வருடத்தில், உயிர்ச்சேதமோ பலத்த காயமோ ஏற்பட்ட விபத்துகள் ஐந்து நடந்திருக்க வேண்டும். அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். மற்ற சாலைகளைப் பற்றிய பேச்சும் இதையொட்டியே போகிறது. பணம் குறைவு, சாலைகள் அதிகம், எங்கே முதலில் செலவழிப்பது என்பதற்கு ஒரு கணக்கு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்குக்குள் நுழைய ஒரு ஊர் கொடுக்க வேண்டிய விலையைப் பாருங்கள். 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 சாவுகள். நாளொன்றுக்கு 49 பேர். அந்த ஆண்டு நாடு முழுவதும் இறந்த பாதசாரிகள் மட்டும் 32,825 பேர். இந்த எண்கள் எல்லாம் நடந்து முடிந்தவை. நடக்கப் போகிறதை இவை சொல்லாது.

பீடிக் கடைக்கு வரும் ஒரு பெண்ணிடம் ஒருநாள் கேட்டேன். அறுபது வயதிருக்கும். "தினமும் முத்துமாலை அம்மனைக் கும்பிட்டுட்டுத்தான் அண்ணாச்சி ரோட்டைத் தாண்டுதோம். எத்தன மட்டம் பைக்கு சேலையை உரசிட்டுப் போயிருக்கு தெரியுமா?" என்றாள். எத்தனை முறை என்றுதான் நானும் கேட்கிறேன். சேலையை உரசிவிட்டுப் போன பைக்கை யார் எண்ணினார்கள்? எந்த ஏட்டில் இருக்கிறது?

எண்ண முடியும் என்று எனக்குக் காட்டியவள் என் தம்பி மகள். பொறியியல் படிக்கிறாள். கல்லூரியில் ஒரு வேலையாக, சாலையைப் படம் பிடித்து அதைக் கணினியை விட்டுப் பார்க்கச் சொல்லி, யார் எங்கே எவ்வளவு வேகத்தில் போனார்கள் என்று எடுக்க வேண்டியிருந்தது. "நம்ம ஊர்லயே எடுப்போம் பெரியப்பா" என்றாள். திருப்பத்தைப் பார்த்த ஒரு கடையின் மொட்டை மாடியில், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, செல்போனைக் கைப்பிடிச் சுவரில் கட்டினோம். அதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். மாடியிலிருந்து பார்க்கும் கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் தெரியும். சாலையில் நான்கு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால், கணினி அதை வைத்து நேர் மேலிருந்து பார்த்த வரைபடமாக மாற்றிக்கொள்ளும். விடியற்காலை ஐந்தரைக்கு, வண்டி ஓட்டம் தொடங்கும் முன், பழைய டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து கொடுத்தேன். அந்தச் சாலையில் எத்தனையோ முறை டேப் பிடித்திருக்கிறேன். நடக்கிறவர்களுக்காகப் பிடித்தது அன்றைக்குத்தான்.

அன்று சாயங்காலம் அவள் லேப்டாப்பில் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். ஒவ்வொரு வண்டியைச் சுற்றியும், ஒவ்வொரு ஆளைச் சுற்றியும் ஒரு கட்டம். கட்டம் நகர நகரப் பின்னால் ஒரு கோடு நீள்கிறது. சிவப்புக் கூடை வைத்திருந்த ஒரு பெண் இடமிருந்து கடக்கிறாள். நெல்லைப் பக்கமிருந்து வந்த பஸ் ஓரமாக நிற்கிறது. பஸ்ஸைத் தாண்டி வலதுபுறமாக ஒரு பைக் வெளியே வருகிறது. அவளுக்கு பஸ் மறைப்பதால் பைக் தெரியாது, பைக்காரனுக்கு அவள் தெரிய மாட்டாள். அவள் ஒரு தப்படி எடுத்து வைத்துவிட்டாள். அவள் விட்ட இடத்துக்கு பைக் வந்து சேர்கிறது. தம்பி மகள் படத்தை அங்கே நிறுத்தி ஒவ்வொரு சட்டமாக நகர்த்தினாள். வினாடிக்கு 30 சட்டங்கள் ஓடும் படம் அது. அந்தப் பெண் அந்த இடத்தை விட்டதற்கும் பைக் அங்கே வந்ததற்கும் நடுவில் 24 சட்டங்கள். 0.8 வினாடி. பைக் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்கிறது. அந்த வேகத்தில் 0.8 வினாடி என்றால் சுமார் ஒன்பது மீட்டர். கூடையிலிருந்து ஏதாவது விழுந்ததோ என்று அவள் குனிந்து பார்த்திருந்தால் போதும். படத்தில் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பக்கத்திலிருந்தவளோடு பேசிக்கொண்டே போகிறாள். நான் எழுந்து வெளியே வந்து கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

விபத்துகளை விட்டுவிட்டு, நூலிழையில் தப்பியவற்றை எண்ணுகிற இந்த வழி புதியதில்லை. 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் பெர்க்கின்ஸ், ஹாரிஸ் என்ற இருவர், விபத்து நடக்கும் வரை காத்திருக்காமல் சந்திப்புகளில் ஆட்களை நிறுத்தி, எத்தனை வண்டிகளின் பிரேக் விளக்கு திடீரென எரிகிறது, எத்தனை வண்டிகள் சடாரென ஒதுங்குகின்றன என்று எண்ணச் சொன்னார்கள். அதைச் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டர் ஹைடன் என்பவர் விரிவான முறையாக வளர்த்து 1987-ல் ஆய்வேடாக வெளியிட்டார். பயிற்சி பெற்ற ஆட்கள் சாலையோரம் உட்கார்ந்து பார்த்து எழுதுவார்கள், நாங்கள் கோடு போட்ட மாதிரியே. மனிதக் கண் களைத்துப்போகும், ஒருவர் பார்த்ததை இன்னொருவர் வேறு மாதிரி மதிப்பிடுவார் என்பதுதான் அந்த முறைக்கு இருந்த பெரிய தடை. கேமராவும் கணினியும் வந்தபின் அந்தத் தடை பெரும்பகுதி நீங்கிவிட்டது. கனடாவில் வான்கூவர், மான்ட்ரியல் பல்கலைக்கழகங்களில் இதைப் பல வருடமாகச் செய்கிறார்கள். அமெரிக்காவின் பெல்வியூ என்கிற நகராட்சி 2019-ல் 40 சந்திப்புகளில் 5,000 மணி நேரத்துக்கு மேல் எடுத்த படத்தைக் கணினியை விட்டுப் பார்த்து, நூலிழையில் தப்பியவற்றை எண்ணி, எந்த சிக்னலை மாற்றுவது என்று முடிவு செய்தது.

அது அவர்கள் சாலை, நம் சாலைக்கு ஒத்து வருமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சென்னையில் சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் 2014 பிப்ரவரியில் எடுத்த படத்தை வைத்து வெங்கடேசன் கனகராஜ், கௌரி ஆசைத்தம்பி உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். பாலத்தின் 245 மீட்டர் நீளத்துக்குள் வந்த ஒவ்வொரு வண்டியும் அரை வினாடிக்கு அரை வினாடி எங்கே இருந்தது என்று எடுத்து, உலகத்தில் யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்தார்கள். அந்தப் பாலத்தில் போன வண்டிகளில் பாதிக்கு மேல் இருசக்கர வாகனங்கள். அவை தடம் பார்த்துப் போவதில்லை, சந்து கிடைத்த இடத்தில் பக்கவாட்டில் நுழைகின்றன. முன்னால் போகும் ஒரே வண்டியை மட்டும் பார்த்து ஓட்டுவதாக வைத்துக்கொண்டு போட்ட வெளிநாட்டுச் சூத்திரம் இங்கே முழுசாகப் பொருந்தாது. இடைவெளி ஒன்றரை வினாடிக்குக் கீழே வந்தாலே ஆபத்து என்று வெளிநாட்டில் பார்க்கிற வழக்கத்தை அப்படியே கொண்டுவந்தால், நம் பஜாரில் காலையிலிருந்து ராத்திரி வரை எல்லாமே ஆபத்து என்று காட்டும். நம் ஆட்கள் அரை வினாடி இடைவெளியில் ஒருவரையொருவர் அனுசரித்துப் போகப் பழகியவர்கள். எனவே இடைவெளியோடு சேர்த்து, யாராவது திடுக்கிட்டு நின்றார்களா, பிரேக் பிடித்தார்களா, ஒதுங்கினார்களா என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் படத்தில் 0.8 வினாடியை விட என்னைப் பயமுறுத்தியது, இரண்டு பேரில் ஒருவர்கூட மற்றவரைப் பார்க்கவில்லை என்பதுதான்.

கணினி தப்பும் செய்தது. மூன்று பெண்கள் சேர்ந்து நடந்தால் சில சமயம் ஒரே ஆளாக எண்ணியது. டிராக்டரையும் டிரெய்லரையும் இரண்டு வண்டியாகப் பிரித்தது. குட்டி யானை வண்டியை ஒரு நிமிடம் கார் என்றது, அடுத்த நிமிடம் லாரி என்றது. இருட்டத் தொடங்கியதும், எதிர் வண்டி வெளிச்சத்தில் நடப்பவர்களைக் காணாமலே விட்டது, எங்கள் ஊரில் அதிகப் பயம் அந்த நேரத்துக்குத்தான். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் படித்த கணினிக்கு நம் தெரு புதுசு. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யும் இன்டெல்லும் சேர்ந்து, ஹைதராபாத், பெங்களூரு சாலைகளில் எடுத்த 10,000 படங்களில் ஆட்டோ, மாடு, மண் ஓரம் எல்லாம் குறித்துக் கணினிக்குப் பாடமாக 2018-ல் வெளியிட்டது இந்தக் குறைக்காகத்தான். அந்தப் பாடத்தில் சேர்க்க எங்கள் பக்கத்திலும் நிறைய இருக்கிறது. அறுவடைக் காலத்தில் தாமிரபரணிப் பாசனப் பகுதி முழுக்கச் சாலையில் நெல் காயப்போடுவார்கள். பாதிச் சாலையில் நெல், விளிம்பில் கல். பைக் எல்லாம் மறுபாதிக்குப் போய் எதிர் வண்டியின் முகத்தில் நிற்கும். கார் பருவ அறுவடைக்கும் பிசானப் பருவ அறுவடைக்கும் இரண்டு இரண்டு நாள் படம் எடுத்தாலே, நெல் காயப்போடக் களம் இல்லாததால் ஊர் என்ன விலை கொடுக்கிறது என்று தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் விட என் மனதில் நின்றது வேறொன்று. இரண்டு மணி நேரத்துக் கோடுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, வண்டிகளை எடுத்துவிட்டு, நடந்தவர்களின் கோடுகளை மட்டும் காட்டச் சொன்னேன். திரையில் ஒரு ஒற்றையடிப் பாதை தெரிந்தது. வயக்காட்டில் கால்கள் போட்ட தடம் போல, தெரு முனையிலிருந்து சாய்வாக, வேப்பமர நிழலை ஒட்டி, நேராகப் பீடிக் கடை வாசலுக்கு. வெள்ளைக் கோடு போட்ட நடைபாதைக் கடப்பு அங்கிருந்து நூறு மீட்டர் தள்ளி, வெயிலில், யாரும் மிதிக்காமல் கிடக்கிறது. அதைப் போட்டவர்களில் நானும் ஒருவன். வரைபடத்தைப் பார்த்துப் போட்டோம், கால்களைப் பார்த்துப் போடவில்லை. "சனங்களுக்கு ஒழுங்கில்லை" என்று நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். கூடையோடு வரும் அறுபது வயதுப் பெண் ஏன் நூறு மீட்டர் வெயிலில் போய், கடந்து, மறுபடி நூறு மீட்டர் திரும்பி வர வேண்டும்? ஒழுங்கு அவளிடம் இருக்கிறது. தினமும் ஒரே தடத்தில்தான் நடக்கிறாள். எங்கள் கோடுதான் இடம் மாறிக் கிடக்கிறது.

இப்போது கேமரா என்றாலே அபராதம் என்று ஆகிவிட்டது. பக்கத்துக் கேரளத்தில் 2023 ஜூனிலிருந்து 726 கேமராக்கள் வைத்து ஹெல்மெட் இல்லாதவர்களையும் வேகமாகப் போகிறவர்களையும் பிடிக்கிறார்கள். செங்கோட்டை வழியாக அங்கே போய் வருகிற எங்கள் ஊர் டிரைவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஹெல்மெட் போட வைப்பது நல்ல காரியம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேமரா ஆளின் தப்பை மட்டும் பார்க்கிறது. பஸ் நிறுத்தம் திருப்பத்தின் வாயிலேயே இருப்பதையும், விளம்பரத் தட்டி பார்வையை மறைப்பதையும், கடப்பு தப்பான இடத்தில் இருப்பதையும் பார்த்துச் சொல்ல அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நம் பஜார்களில் போலீசும் கடைக்காரர்களும் வைத்த கேமராக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. செயின் அறுத்தவனைத் தேடும்போது மட்டும் அந்தப் படத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள். மற்ற நாளெல்லாம் பதிவாகித் தானே அழிந்துபோகிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பீடிக் கடைக்குப் போகிற பெண்ணின் முகம் யாருக்கும் வேண்டாம். அவள் எந்த நேரத்தில் எந்தத் தடத்தில் கடந்தாள் என்பது மட்டும் போதும். என் தம்பி மகள் அப்படித்தான் செய்தாள். முகங்களை மங்கலாக்கி, கோடுகளையும் நேரங்களையும் எடுத்துக்கொண்டு, படத்தை அழித்துவிட்டாள். அரசு செய்தாலும் இதையே செய்ய வேண்டும், முன்கூட்டியே எழுதியும் வைக்க வேண்டும். மனிதரின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஊர்ப்புறத்துப் பெண்களுக்கும் சேர்த்துத்தான்.

நாக்பூரில் 2021-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில் மாநகராட்சி பஸ்களின் முன்கண்ணாடியில் கேமரா பொருத்தினார்கள். எங்கெங்கே பஸ் மோதப் பார்த்தது என்று சேர்த்து, இன்னும் கரும்புள்ளி ஆகாத, ஆகக்கூடிய இடங்களைச் சாம்பல் புள்ளிகள் என்று குறித்தார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் மாநிலத்திலும் கருவிகள் இல்லாமல் இல்லை. விபத்து நடந்த இடத்திலிருந்தே போலீஸ் பதிவு செய்யும் ஐராட் தரவுத்தளத்தை உருவாக்கியதில் ஐ.ஐ.டி. மெட்ராஸுக்குப் பெரிய பங்கு உண்டு, அதை முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஏற்றுக்கொள்கிறது. அதனால் பிழைத்தவர்களை நான் அறிவேன், அந்தத் திட்டத்துக்கு என் வணக்கம். இவை இரண்டும் விழுந்த பிறகு வருபவை. விழும் முன்னால் பார்ப்பதற்கு ஒன்று வேண்டும்.

திருநெல்வேலி மாவட்ட நிர்வாகத்துக்கும், ஆட்சியர் தலைமையில் கூடும் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு பேரூராட்சியிலும் மக்கள் பயப்படும் ஓர் இடத்தை மக்களிடமே கேட்டுத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஒரு வாரம் படம் எடுங்கள். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி 1981-லிருந்து இருக்கிறது. மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை. அளந்து கொடுக்க என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்போம், கூலி வேண்டாம். படம் சொல்கிற இடத்தில் கடப்பை மாற்றுங்கள், பஸ் நிறுத்தத்தை இருபது மீட்டர் தள்ளுங்கள், மறைக்கும் தட்டியை எடுங்கள். பிறகு இன்னொரு வாரம் படம் எடுத்து, நூலிழையில் தப்பியவர்கள் குறைந்தார்களா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் மறுபடி மாற்றுங்கள். இதில் பெரும்பாலானது பெயின்டும் இரண்டு நாள் ஆள் வேலையும்தான்.

எங்கள் திருப்பத்தின் கோட்டுப் படத்தை, முகம் ஒன்றும் இல்லாமல், ஒரு பெரிய தாளில் அச்சடித்து வைத்திருக்கிறேன். குழு அடுத்த முறை கூடும்போது ஐந்து நிமிடம் கொடுத்தால் போதும். கொண்டு வருகிறேன்.